அத்தியாயம் 7: ஸ்பிரிங் எப்போது மாற்ற வேண்டும்?

துவக்கு ஸ்பிரிங்கை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கைநூல் ஒன்றைப் படித்துவிட்டு வந்தவர்கள். அந்த நூல்கள் வாரம் தவறாமல் சுடுதளத்துக்குப் போய் நூற்றுக்கணக்கில் சுடுகிறவர்களுக்கு எழுதப்பட்டவை. தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ வயல் காக்கிறவர் ஒரு போகத்துக்குச் சுடும் தோட்டாக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருடைய துவக்கில் ஸ்பிரிங் சுட்டுச் சுட்டுக் களைப்பதில்லை. சுடாமல் கிடந்து கெடுகிறது. ஆகவே வருடக் கணக்கும் வெடிக் கணக்கும் அவருக்கு அவ்வளவாக உதவா. பார்த்து அறியத் தெரிய வேண்டும்.

திருகோணமலை மாவட்டத்தில் விவசாயி கையில் முறைப்படி இருப்பது பெரும்பாலும் பன்னிரண்டு போர் சொட்கன்தான். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பயிர்க் காவலுக்கென்று கச்சேரியில் உரிமம் எடுத்து, வருடா வருடம் புதுப்பித்து வைத்திருப்பது. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிள் படையினரின் ஆயுதம். அதன் ஸ்பிரிங்கை ஆர்மரர் பார்த்துக்கொள்வார். ஆனாலும் அந்த ரைபிளைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஸ்பிரிங் எப்படித் தளர்கிறது என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும். அதோடு, பழைய படையினரும் காவல் வேலை செய்பவர்களும் இந்த நூலைப் படிக்கக்கூடும்.

இலங்கை இராணுவம் முன்பு பாவித்த எஸ்.எல்.ஆர். ரைபிளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வெடிக்கும் வாயு பிஸ்டனைத் தள்ள, பூட்டு பின்னால் ஓடி வெற்றுக் கோதை எறிகிறது. சோங்குக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டு ஸ்பிரிங்குகள் பூட்டை முன்னால் தள்ள, அது போகிற போக்கில் மகசினிலிருந்து அடுத்த தோட்டாவை இழுத்துக்கொண்டு அறைக்குள் பூட்டிக்கொள்கிறது. ஒரு வெடிக்கு ஒரு முழு அழுத்தம், ஒரு முழு விரிவு. இப்படி ஆயிரக்கணக்கில் நடக்கும்போது ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி நிற்கும். குறுகிய ஸ்பிரிங் பூட்டைக் கடைசி வரை தள்ளாது. பூட்டு பாதியில் நிற்கும், அல்லது முன்பு அருகில் விழுந்த கோது இப்போது எட்டப் போய் விழும். மகசின் ஸ்பிரிங் தளர்ந்தால் கடைசி இரண்டொரு தோட்டாக்கள் மூக்கைக் கீழே போட்டுக்கொண்டு ஏறாமல் நிற்கும். கோதை இழுக்கும் கொக்கியின் ஸ்பிரிங் தளர்ந்தால் கோது அறைக்குள்ளேயே தங்கிவிடும்.

இந்த வகை ரைபிளுக்கு அளவு வைத்துத் தீர்ப்புச் சொல்லலாம். அமெரிக்கரின் எம்16 ரைபிளில் சோங்குக்குள் இருக்கும் நீள ஸ்பிரிங், கழற்றி மேசையில் வைத்தால் 11¾ அங்குலத்துக்கும் 13½ அங்குலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். சோங்கு குட்டையான கார்பைன் வகையில் 10¹⁄₁₆ முதல் 11¼ வரை. கீழ் அளவைத் தாண்டிக் குறுகினால் மாற்ற வேண்டியதுதான், எத்தனை வெடி போனது என்ற பேச்சே இல்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் வேட்டை உரிமத்தோடு இருக்கும் நம்மவர்களுக்கும் இதையே சொல்வேன்: உங்கள் ரைபிளின் கைநூலில் நீளம் கொடுத்திருந்தால் நீளத்தை நம்புங்கள், வெடிக் கணக்கு மட்டும் கொடுத்திருந்தால் எழுதி வையுங்கள், இரண்டும் இல்லையென்றால் புது ஸ்பிரிங் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னொன்று. எஸ்.எல்.ஆரில் வாயுவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. அது சரியாக வைக்கப்படாமல் இருந்தாலும், வாயு வழியில் கரி அடைத்தாலும் தளர்ந்த ஸ்பிரிங்கைப் போலவே பூட்டு தடுமாறும். முதலில் துடையுங்கள், பிறகு ஸ்பிரிங்கைக் குறை சொல்லுங்கள்.

இனி நம்முடைய சொட்கன்.

கறள் செய்யும் கணக்கு

ஒற்றைக் குழலோ இரட்டைக் குழலோ, மடித்துத் திறக்கும் துவக்கில் ஸ்பிரிங்குகள் குறைவு. குதிரையை அடிக்க வைக்கும் பெரிய ஸ்பிரிங், ஊசியைப் பின்னுக்கு இழுக்கும் சின்ன ஸ்பிரிங், விசை ஸ்பிரிங், மேல் நெம்பைத் திருப்பிக் கொண்டுவரும் ஸ்பிரிங், முன்கட்டையைப் பிடித்து நிற்கும் ஸ்பிரிங், கோதை எறியும் வகையென்றால் அதற்கும் ஒன்று. எதுவுமே ஒரு வருடத்தில் நூறு தடவை வேலை செய்வதில்லை. பிறகு ஏன் கெடுகிறது?

காற்றுதான் காரணம். ஈரப்பதன் ஏறக்குறைய அறுபது வீதத்தைத் தாண்டினால் வெறும் இரும்பு வேகமாகக் கறள் பிடிக்கத் தொடங்கும். உப்புத் தூசு படிந்திருந்தால் அதற்கும் முன்பே. கொட்டியாரக் குடாவைச் சுற்றியிருக்கும் மூதூர், கிண்ணியாப் பக்கங்களில் காற்று அந்த அளவுக்குக் கீழே இறங்கும் நாட்கள் குறைவு. கச்சான் வீசும் மாதங்களில் கொஞ்சம் மூச்சு விடலாம். வாடை தொடங்கி மாரி மழை கொட்டும்போது வீட்டுக்குள் வைத்த துவக்கும் வியர்க்கும்.

குழலில் கறள் வந்தால் கண்ணில் படும், துடைத்துவிடுவீர்கள். ஸ்பிரிங்கில் வந்தால் தெரியாது, ஆனால் சேதம் அங்கேதான் அதிகம். சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிப்பின் நான்காம் அடுக்கோடு ஏறி இறங்குகிறது. 1 மில்லிமீற்றர் கம்பியைச் சுற்றிவரக் கறள் தின்று 0.9 ஆக்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடிப்பில் போனது பத்திலொரு பங்கு; விறைப்பிலோ மூன்றிலொரு பங்கு போய்விட்டது. கறள் ஒரே சீராகவும் தின்னாது, புள்ளி புள்ளியாகக் குழி தோண்டும். அழுத்தும்போது முழுப் பாரமும் அந்தக் குழியில் கூடும். வெடிப்பு அங்கிருந்துதான் ஓடும். ஆகவே ஸ்பிரிங்கின் மேல் பழுப்பு நிறம் மட்டும் தெரிந்து துணியால் துடைக்கப் போய்விட்டால் எண்ணெய் போட்டு விடலாம். நகத்தால் வருடும்போது குழி தட்டுப்பட்டால் மாற்றுங்கள். அதில் பேரம் பேச வேண்டாம்.

குதிரை ஏற்றியபடியே வைப்பதால் ஸ்பிரிங் கெடுமா என்பது நெடுநாள் வாதம். நல்ல உருக்கில் சரியாகச் செய்த ஸ்பிரிங் அழுந்திக் கிடப்பதால் மட்டும் பெரிதாகத் தளராது. மீண்டும் மீண்டும் அழுந்தி விரிவதும், அளவுக்கு மேல் அழுத்துவதும், சூடும், கறளும்தான் அதைக் கெடுப்பவை. ஆனால் பழைய துவக்குகளில் இருக்கும் ஸ்பிரிங் எந்த உருக்கு, யார் செய்தது என்று நமக்குத் தெரியாது. ஆகையால் இறக்கி வைப்பதே என் பழக்கம். குதிரை வெளியே தெரியும் வகையில் இது எளிது. உள்ளே மறைந்திருக்கும் வகையில், திறந்து மூடினாலே குதிரை ஏறிவிடும். அறையில் டம்மித் தோட்டா போட்டு விசையைத் தட்டி இறக்குங்கள். வெறும் அறையில் தட்டினால் ஊசி முனைக்குக் கேடு.

கோதின் பின்பக்கத்தைப் பாருங்கள்

பூட்டைத் திறக்காமலே பெரிய ஸ்பிரிங்கின் நிலையை அறியச் சிறந்த வழி, சுட்ட கோதுகளை எறியாமல் வைப்பது. துவக்குத் திருத்துகிறவரிடம் போனாலும் முதலில் நடப்பது இதுதான்:

"நானா, நேற்றுப் பன்றி வந்தது. விசையை அமத்தினேன், டிக் எண்டு சத்தம், வெடி இல்லை. தோட்டா பழசு போல."

"தோட்டாவைக் கொண்டு வந்தீங்களா தம்பி? கப்பைப் பார்த்துத்தான் சொல்லலாம்."

கோதின் பின்புறம் நடுவில் இருக்கும் செப்பு நிறத் தொப்பியில் (கப்), ஊசி அடித்த பள்ளம் இருக்கும். கைபேசி வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தால் அதன் ஆழம் நிழலில் தெரியும். துவக்கு நன்றாக இருந்த காலத்துக் கோது ஒன்றையும் இப்போதைய கோதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பள்ளம் ஆழமாக, வட்டமாக விழுந்தும் வெடிக்கவில்லையென்றால் பிழை தோட்டாவில்; ஈரம் குடித்திருக்கும். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் அடியில் பலமில்லை. பள்ளம் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பெரும்பாலும் குழலும் பூட்டும் சேரும் இடம் தேய்ந்திருக்கும்; ஸ்பிரிங் மாற்றிப் பயனில்லை. பள்ளமே இல்லையென்றால் ஊசி உடைந்திருக்கலாம்.

அடியில் பலமில்லை என்று கண்டதும் ஸ்பிரிங் மாற்ற ஓடாதீர்கள். தேங்காயெண்ணெய் போட்டு வளர்த்த துவக்குகளில் பாதிக்கு அதுதான் நோய். தேங்காயெண்ணெய் நாளாக ஆகக் கெட்டுப் பிசுபிசுக்கும். ஊசி ஓடும் துளையில் அது கட்டிப்பட்டால் நல்ல ஸ்பிரிங்கின் அடியையும் அது தின்றுவிடும். மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டுப் பாருங்கள். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட நல்லது, மாதக்கணக்கில் காக்க அதை நம்ப வேண்டாம். துடைத்த பிறகும் பள்ளம் மேலோட்டமாகவே விழுந்தால் இப்போது ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம்.

விசை தட்டியும் வெடிக்காத நேரத்தில் செய்ய வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். துவக்கை உடனே திறக்க வேண்டாம். ஆளில்லாத பக்கம் குழலைக் காட்டியபடி ஒரு நிமிடம் பிடித்திருங்கள். சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும். பிறகு முகத்தை விலக்கித் திறந்து எடுங்கள்.

சின்ன ஸ்பிரிங்தான் ஆபத்தானது

பெரிய ஸ்பிரிங் தளர்ந்தால் வெடி வராது. பன்றி தப்பும், அவ்வளவுதான். ஊசியைப் பின்னுக்கு இழுக்கும் சின்ன ஸ்பிரிங் போனால் கதை வேறு. ஊசி முனை வெளியே நீட்டியபடி நிற்கும். தோட்டாவைப் போட்டுக் குழலை வேகமாக மூடும்போது தொப்பி அந்த முனையில் இடிக்கும்; விசையைத் தொடாமலே வெடிக்கலாம். பேனா ஸ்பிரிங் அளவுகூட இல்லாத இந்த ஒன்றுக்கு மட்டும் நான் சலுகை கொடுப்பதில்லை.

சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொண்டு, முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியே எடுங்கள். குதிரை ஏறிய நிலையில் பூட்டின் முகப்பிலுள்ள ஊசித் துளையைப் பாருங்கள். முனை முகப்பை விட்டு வெளியே தெரியக் கூடாது. குதிரை வெளியே இருக்கும் வகையென்றால் ஊசியைப் பின்னாலிருந்து மரக் குச்சியால் தள்ளி விடுங்கள். தள்ளிய கையோடு துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பலாக வந்தால் துளையைத் துடையுங்கள். துடைத்த பிறகும் சோம்பலென்றால், திருத்தும் வரை துவக்கைக் கையில் எடுக்காதீர்கள்.

சுட்ட பின் துவக்கைத் திறக்கக் கடினமாக இருப்பதும், தொப்பிப் பள்ளத்திலிருந்து ஒரு பக்கமாகக் கீறல் ஓடியிருப்பதும் இதே வியாதியின் அடையாளங்கள். ஊசி பள்ளத்துக்குள் மாட்டிக்கொண்டு, குழல் மடியும்போது இழுபடுகிறது.

மேல் நெம்பின் ஸ்பிரிங்கும் இந்த வரிசையில் சேரும். குழலை மூடியதும் நெம்பு தானாகவே முழுதாகத் திரும்பி நிற்க வேண்டும். பெருவிரலால் தள்ளி உதவ வேண்டியிருந்தால், சில வேளை உதவ மறந்துவிடுவீர்கள். சரியாகப் பூட்டாத குழலோடு சுடுவது கண்ணுக்கு முன்னால் வெடி வைப்பதற்குச் சமம். விசை ஸ்பிரிங் தளர்ந்ததை விசையின் தொய்வில் உணரலாம். முன்கட்டை ஸ்பிரிங் போனால் கட்டை கையோடு வரும். அவ்வளவு.

மாற்றும் வேலை யாருடையது?

குழல், முன்கட்டை, பூட்டோடு சேர்ந்த சோங்கு என மூன்று துண்டாகக் கழற்றுவது உரிமைக்காரரின் எல்லை. பூட்டுக்குள் கைவைப்பது உரிமம் பெற்ற திருத்துநரின் வேலை. இதில் சட்டமும் உண்டு, கண் பார்வையும் உண்டு: பழைய ஆங்கிலத் துவக்குகளில் பெரிய ஸ்பிரிங் சுருளாக இருக்காது, நடுவில் மடித்த தட்டை உருக்காக இருக்கும். அதை வெளியே எடுக்கத் தனிக் கவ்வி வேண்டும். குறடால் இழுத்தவர்களின் முகத்தில் அது பாய்ந்திருக்கிறது.

அந்தத் தட்டை ஸ்பிரிங் தளர்ந்து அறிவிப்புக் கொடுப்பது அரிது, பெரும்பாலும் ஒரு நாள் முறியும். திருத்துநர் பூட்டைத் திறக்கும் நேரத்தில் மடிப்பின் உட்புறத்தை வில்லைக் கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். குறுக்கே மயிரிழைபோலக் கோடு தெரிந்தால் அது இன்னும் எத்தனை வெடிக்குத் தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

சுருள் ஸ்பிரிங்கானால், பழையதையும் புதியதையும் ஒப்பிட நல்ல முறை ஒன்று உண்டு. இரண்டுக்கும் உள்ளே போகும் ஒரு நீள ஆணியில் முதலில் பழையது, நடுவில் ஒரு வாஷர், அடுத்துப் புதியது என்று கோர்த்து, வைஸில் வைத்து மெல்ல இறுக்குங்கள். இரண்டுக்கும் ஒரே பாரம்தான் விழுகிறது. எது முன்னால் குறுகுகிறதோ அது பலவீனம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகக் குறுகினால் பழையதையே திரும்பப் போடலாம், புதியதை எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கலாம். இதைச் செய்கிறவர் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்.

செய்யக் கூடாதவை சில. தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுவது முதலாவது. சில வெடிகளுக்கு வேலை செய்யும், பிறகு முன்பிருந்ததை விடக் குறுகும். நீளமான வேறு ஸ்பிரிங்கை வெட்டிப் போடுவது அடுத்தது. சுற்றுக் குறைந்தால் ஸ்பிரிங்கின் விறைப்புக் கூடும், ஆனால் தொடக்க அழுத்தம் குறைந்து போகும், இரண்டும் ஒத்து வருவது அதிர்ஷ்டம். மோட்டார் சைக்கிள் காபரேட்டரிலிருந்து எடுத்தது, பேனாவிலிருந்து எடுத்தது என்று கொண்டு வருகிறவர்களும் உண்டு. வேண்டாம். கறளைப் போக்கப் புளியிலும் தேசிக்காய்ச் சாற்றிலும் கழிப்பறை கழுவும் அமிலத்திலும் ஊறப்போடுவது பார்வைக்கு அருமையாக இருக்கும்: கறுத்த ஸ்பிரிங் வெள்ளையாகிவிடும். ஆனால் அமிலம் இறுகிய உருக்குக்குள் ஹைட்ரஜனை ஏற்றும். அந்த உருக்கு பிறகு கண்ணாடிபோல முறியும். அமிலம் பலமாக இருக்க இருக்கக் கேடும் பெரிது. அடுப்பில் காய்ச்சி வளைப்பதும் இப்படித்தான், பதம் போய் வெறுங்கம்பியாகிவிடும்.

பலம் கூடிய ஸ்பிரிங் போட்டால் வெடி நிச்சயம் என்று நினைப்பதும் பிழை. தேவைக்கு மேல் பலமான அடி தொப்பியைத் துளைத்து வாயுவைப் பின்னால் விடும், குதிரையை ஏற்றவும் கை நோகும். துவக்குக்கு உரிய அளவே போதும். இரட்டைக் குழலில் ஒரு பக்கத்தை மாற்றினால் மறுபக்கத்தையும் மாற்றுங்கள், குறைந்தது ஊசி ஸ்பிரிங்குகளையாவது. இரண்டும் ஒரே உப்பைத்தான் குடித்திருக்கின்றன.

எந்த மாதத்தில்?

உரிமம் டிசெம்பர் 31 உடன் முடிவதால் வருடக் கடைசி மாதங்களில் எல்லாருக்கும் துவக்கு நினைவு வரும். அது பிந்திய நேரம். மழை இறங்கியிருக்கும், பெரும்போக விதைப்பும் நடக்கும், திருத்துநரிடமும் வரிசை நிற்கும். கச்சான் ஓயும் செப்டெம்பரில் மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிடுங்கள். குறை இருந்தால் உதிரி தேடவும் நேரம் கிடைக்கும். கதிர் பால் பிடிக்கும் காலத்தில் பன்றி வரும்போது துவக்கு தயாராக இருக்கும். இன்னொரு தடவை பெரும்போக அறுவடை முடிந்து பெப்ரவரி, மார்ச்சில். அது ஸ்பிரிங் மாற்ற அல்ல, மாரி முழுக்கக் குடித்த ஈரத்தை வெளியேற்ற.

மாரியில் துவக்கைத் தோல் உறைக்குள்ளோ பொலித்தீன் பைக்குள்ளோ போட்டுக் கட்டி வைக்காதீர்கள். ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறீர்கள். உலர்ந்த பெட்டியில் எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்துப் பூட்டுங்கள், தோட்டாக்களை வேறிடத்தில். காவல் குடிலில் இரவு முழுக்கப் பனியில் கிடந்த துவக்கைக் காலையில் வீட்டுக்குக் கொண்டு வந்ததும், களைப்பாக இருந்தாலும் குழலைக் கழற்றித் துடைத்த பிறகு படுங்கள். கையின் வியர்வையும் உப்புத்தான்.

திருத்துநரிடம் போகும்போது தோட்டா இல்லாமல், குழலைக் கழற்றி, உரிமப் பத்திரத்தையும் சந்தேகமான கோதுகளையும் எடுத்துப் போங்கள். வேலை முடிந்ததும் தொப்பி மட்டும் உள்ள வெற்றுக் கோதில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பள்ளம் எப்படி விழுகிறது என்று அவர் முன்னாலேயே பார்த்து, அந்தக் கோதை வாங்கித் திகதி எழுதிப் பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட அதுவே அளவுகோல். கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் கேட்டு வாங்குங்கள். முறிந்திருந்தாலும் கம்பித் தடிப்பும் சுற்று எண்ணிக்கையும் அதில் இருக்கின்றன. பெயர் தெரியாத பழைய துவக்குக்கு அடுத்த முறை உதிரி தேடும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அந்த மாதிரியைத்தான்.